பகல் குளிசைகள்

என் மனைவியின் தம்பி எங்கள் வட்டக்கச்சி வீட்டுக்கு வந்தது தைப்பொங்கலுக்கு அடுத்த திங்கட்கிழமை, முற்பகல் பதினொன்றேகாலுக்கு. கிளிநொச்சி வைத்தியசாலையிலிருந்து ஓட்டோவில் வந்தான். பின் ஆசனத்தில் அவன் என் மனைவியின் தோளில் சாய்ந்திருந்தான்; முன்னால் சாரதிக்குப் பக்கத்தில் நான், மடியில் அவனுடைய பொய்க்காலை வைத்துக்கொண்டு இருந்தேன். இந்தக் கதையில் கிழமைகளையும் நேரங்களையும் எழுதுவேன். நாற்பது வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறவனுக்கு அவை இல்லாமல் எழுத வராது. வருடத்தையும் பெயர்களையும் எழுதமாட்டேன். வன்னியில் இருப்பவர்களுக்கு அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

அவனுக்கு நாற்பத்தொன்பது வயது. பதினேழில் இயக்கத்துக்குப் போனவன். போர் முடியும்வரை மருத்துவப் பிரிவில் இருந்தான். இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தது போரின் கடைசி வருடத்தில். பிறகு தடுப்பு, புனர்வாழ்வு, அதன் பிறகு முள்ளியவளையில் ஒரு அறை எடுத்துத் தையல் மெஷின்கள் திருத்திக்கொண்டிருந்தான். கல்யாணம் செய்யவில்லை. முதுகு நோவென்று ஒன்றரை வருடம் யாருக்கும் சொல்லாமல் இருந்துவிட்டு, இருமலில் இரத்தம் வந்த பிறகுதான் வைத்தியசாலைக்குப் போனான். நுரையீரலில் தொடங்கிய புற்றுநோய் அதற்குள் முதுகெலும்புக்குப் பரவியிருந்தது. "நோயை இனி ஒன்றும் செய்யமுடியாது. நோவைக் குறைக்கலாம்" என்று டொக்டர் சொன்னார்.

வீட்டுக்கு வருவதற்கு முன், தணிப்புப் பராமரிப்புக்குப் பொறுப்பான தாதி எங்கள் மூவரையும் ஒரு சிறிய அறையில் இருத்திக் கதைத்தார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். வேகமாகக் கதைப்பவர். எல்லோரும் அவரை மிஸி என்றுதான் கூப்பிட்டார்கள்.

"மூண்டு வழி இருக்கு, ஐயா. ஒண்டு, வாட்டிலயே வைச்சிருக்கலாம். ரண்டு, யாழ்ப்பாணப் பக்கம் ஒரு பராமரிப்பு இல்லம் இருக்கு, ஆனா கட்டில் காலியாகும் வரைக்கும் காத்திருக்கோணும். மூண்டாவது, வீட்டில வைச்சிருந்து, நாங்கள் சொல்லுற மாதிரி மருந்து குடுத்தா, நான் வியாழனுகளில வந்து பார்ப்பன்."

"வீடு" என்றான் அவன், அவர் வசனத்தை முடிக்கும் முன்பே. "வாட்டில சாகமாட்டன், மிஸி. வாட்டில செத்த ஆக்களை நான் போதுமான அளவு கண்டிட்டன்."

மிஸி அவனைப் பார்த்தார். எங்கே கண்டீர்கள் என்று கேட்கவில்லை. "அப்ப நோ கட்டுக்குள்ள நிக்கோணும். நிக்காட்டி நீங்கள் வாட்டுக்குத்தான் வரவேண்டி வரும். அதுக்கு நீங்களும் சம்மதிக்கோணும்" என்றார். அவன் தலையாட்டினான். அன்றிலிருந்து எங்களுடைய வேலை அது ஒன்றுதான்: அவன் வீட்டில் இருக்கவேண்டும் என்றால், வலி அடங்கவேண்டும்.

படிவத்தை நான்தான் நிரப்பினேன். செய்த தொழில் என்ற இடத்தில், வயல் செய்கிறவன் என்ற பொருளில், 'கமம்' என்று எழுதினேன். கால் இழந்த காரணம் என்ற இடத்தில் 'விபத்து' என்று எழுதினேன். எழுதும்போது கை தயங்கவில்லை. போருக்குப் பிறகு இங்கே படிவம் நிரப்புகிற எல்லோருக்கும் பழகிப்போன இரண்டு சொற்கள் அவை. சில நாடுகளில், போருக்குப் போய் வந்தவர்களின் கடைசிக் காலத்தைப் பார்ப்பதற்கென்றே தனி ஏற்பாடுகள் இருப்பதாக வாசித்திருக்கிறேன். அங்கே தாதி கேட்கும் முதற் கேள்விகளில் ஒன்று, நீங்கள் படையில் இருந்தீர்களா என்பதாம். ஏனென்றால் அப்படி இருந்தவர்கள் நோவைச் சொல்லமாட்டார்கள் என்று அவர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். நம்முடைய நாட்டிலும் இராணுவத்தில் இருந்தவர்களுக்குத் தனி வைத்தியசாலையும் விடுதியும் உண்டு. இவனைப் போன்றவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால், கேட்டவர் யார், எழுதியது எங்கே போகும் என்ற யோசனைதான் முதலில் வரும். ஆகவே கமம்.

மோர்பின் குளிசை. காலை ஆறு, பத்து, பின்னேரம் இரண்டு, ஆறு, இரவு பத்து. நோ வந்தாலும் வராவிட்டாலும் மணிக்குக் கொடுக்கவேண்டும் என்பது மிஸியின் கண்டிப்பு. நோ வந்த பிறகு துரத்தினால் பிடிக்கமுடியாதாம். மலம் இறுகும், அதற்கு ஒரு பாணி மருந்து தந்தார். என்னிடம் புதிய கொப்பி ஒன்று இருந்தது. நான்கு கோடு இழுத்தேன்: நேரம், மருந்து, நோவின் அளவு பத்துக்கு எத்தனை, குறிப்பு. இரவு பத்து மணிக் குளிசையை மனைவி கொடுப்பாள். ஒன்பதரைக்கு மேல் எனக்குக் கண் மூடிவிடும். மற்ற நான்கும் என் பொறுப்பு.

அந்த நாட்களில் என்னால் ஒரு இடத்தில் இருக்கமுடியவில்லை. ஐந்தரைக்கு எழும்புவேன். ஆறு மணிக் குளிசை முடிந்ததும் வாய்க்கால் வரை நடப்பேன், திரும்பி வருவேன், அவன் முகத்தைப் பார்ப்பேன், மறுபடி நடப்பேன். பத்து மணிக்கு முன் மூன்று தடவை மணிக்கூட்டைப் பார்ப்பேன். கதிரையில் இருந்து புத்தகத்தைத் திறந்தால் அதே பக்கம். அவன் சாய்மனைக்கட்டிலில் இடது பக்கம் திரும்பிப் படுத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருப்பான். உதடுகளை உள்ளே இழுத்துக் கடித்திருப்பான்.

"அத்தான், ஒருக்கா இருங்கோவன். உங்களைப் பார்க்க எனக்குக் களைக்குது."

"நோ எத்தினை?"

"அஞ்சு எண்டு எழுதுங்கோ."

"முகத்தைப் பார்த்தா எட்டு மாதிரி இருக்கு."

"அப்ப முகத்தைக் கேட்டு எழுதுங்கோ."

நான் எட்டு என்றே எழுதினேன். முகத்தைத்தான் எழுதினேன், அதில் நான் இப்போதும் திருப்திப்படுகிறேன். ஏழு, எட்டு, எட்டு, ஒன்பது. பகல் முழுவதும் அப்படித்தான். ஆனால் இரவில் வேறு மாதிரி. பத்தரைக்கு அவனுக்குக் கண் அயரும், இரண்டு இரண்டரை வரை அசையாமல் நித்திரை கொள்வான், பிறகு முனகல் தொடங்கும் என்று மனைவி சொன்னாள். அதையும் எழுதினேன். பத்து நாள் தொடர்ந்து எழுதிய பிறகு அதில் ஒரு ஒழுங்கு தெரிந்தது. எனக்கு உற்சாகமாகிவிட்டது.

அது காலபோக அறுவடைக் காலம். எங்கள் வளவுக்குப் பின்னால் உள்ள வயல்களில் அறுவடை மெஷின் பகல் முழுவதும் ஓடும், பொழுதுபட நிற்கும். கட்டில் அதிரும் அளவுக்குச் சத்தம். போரில் இருந்த ஒருவனுக்கு அந்தச் சத்தமும் அதிர்வும் என்ன செய்யும் என்று யோசித்தேன். சத்தத்துக்கும் நோவுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி எங்கோ வாசித்ததும் ஞாபகம் வந்தது. மெஷின் ஓடும்போது நோ, நிற்கும்போது நித்திரை. விடியப்புறம் இரண்டரைக்கு ஏன் முழிக்கிறான் என்பதற்குப் பனி என்று எழுதினேன். கொப்பியை எடுத்துக்கொண்டு நேரே பின் வயல்காரரிடம் போனேன்.

அவர் வரம்பில் நின்று கொப்பியை ஒரு நிமிடம் பார்த்தார். "அண்ணை, நீங்கள் சொல்லுறது எனக்கு விளங்கேல்லை. ஆனா அவர் படுறது விளங்குது. மெஷினை இண்டைக்கு விட்டா அடுத்த கிழமைதான் வரும். மழையும் இருட்டுது. வேணுமெண்டா உங்கட பக்கத்துத் துண்டைக் கடைசிக்கு விடுறன்."

விட்டார். மெஷின் நான்கு நாள் தூரத்தில் ஓடியது. கொப்பியில் எட்டும் ஒன்பதும் குறையவில்லை.

நடுவில் ஒரு வியாழக்கிழமை மிஸிக்கு வேறு வேலை வந்ததால், நான் கொப்பியோடு கிளினிக்குக்குப் போனேன். டொக்டர் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். "இவ்வளவு துப்புரவாக யாரும் எழுதிக் கொண்டுவந்ததில்லை" என்றார். வீட்டுக்கு வரும் வழி முழுவதும் அந்த வசனம் என்னோடு வந்தது. இவ்வளவு கொடுத்தும் நோ குறையவில்லை என்பதால், ஒரு தடவைக்கு ஒன்று என்றிருந்த குளிசையை இரண்டாக்கினார். அடுத்த வியாழன் வரை பார்ப்போம், அதற்கும் அடங்காவிட்டால் வாட்டுக்குக் கொண்டுவந்து ஊசியில் ஏற்றவேண்டும் என்றார்.

அதை வந்து சொன்னபோது அவன் கண்ணை மூடிக்கொண்டான். மனைவி குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த ஏழு நாளும் இரண்டு குளிசை. எட்டு, எட்டு, ஒன்பது. திங்கட்கிழமை பின்னேரம் அவன் தலையணையின் ஓரத்தைக் கடித்துக் கிழித்திருந்தான். புதன்கிழமை மனைவி ஒரு பையில் அவனுடைய இரண்டு சாரமும் துவாயும் எடுத்து வைத்தாள், வாட்டுக்குப் போகும் பை. அவன் அந்தப் பையைப் பார்த்தான். பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

வியாழக்கிழமை முற்பகல் பத்து நாற்பதுக்கு மிஸி வந்தார். ஸ்கூட்டரை மாமரத்தின் கீழ் விட்டுவிட்டு, கை கழுவி, அவனுக்குப் பக்கத்தில் இருந்தார். கொப்பியை நீட்டினேன். அதைக் கட்டிலில் வைத்துவிட்டு முதலில் அவனுடைய கண்ணில் டோர்ச் அடித்துப் பார்த்தார். மறு கண்ணையும் பார்த்தார். வயிற்றை அமத்தினார்.

"வெளிக்குப் போறது எப்பிடி?"

"ஒவ்வொரு நாளும் போறன்" என்றான்.

"கஷ்டமில்லாமலோ?"

"இல்லை."

"பகலில நித்திரை தூங்குதோ?"

"இவன் பகலில கண்ணே மூடுறேல்லை, மிஸி" என்றேன் நான்.

அவர் கொப்பியை எடுத்துப் பார்த்தார். விரலை இரவுக் குறிப்புகளில் வைத்துக் கீழே கீழே இழுத்துக்கொண்டு போனார். "பத்தரையில இருந்து ரண்டரை. நாலு மணித்தியாலம். எல்லா இரவும் நாலு மணித்தியாலம், ஒரு நேரக் குளிசை வேலை செய்யிற நேரம்." தலையை நிமிர்த்தினார். "ஐயா, இரவுக் குளிசை ஆர் குடுக்கிறது?"

"என்ர மனிசி."

"பகலில?"

"நான்தான். ஒரு நேரமும் தவறேல்லை. எழுதியிருக்கு."

"எப்பிடிக் குடுப்பியள்? செய்து காட்டுங்கோ."

நான் எழும்பிச் செய்து காட்டினேன். குளிசையை அவன் உள்ளங்கையில் வைப்பேன். தண்ணீர்க் கோப்பையை மற்றக் கையில் கொடுப்பேன். பிறகு திரும்பி, சுவர் மணிக்கூட்டைப் பார்த்து, மேசையில் உள்ள கொப்பியில் நிமிடம் உட்பட நேரத்தை எழுதுவேன். எழுதி முடித்துத் திரும்பும்போது கோப்பை காலியாக இருக்கும்.

செய்து காட்டிக்கொண்டு இருக்கும்போதே எனக்குக் காது சூடாகியது.

"அக்கா, நீங்கள்?" என்றார் மிஸி.

"நான் தலையைத் தூக்கி வாயில போட்டுத் தண்ணி பருக்குவன். பேந்து படுக்க விடுவன்" என்றாள் மனைவி.

மிஸி அவன் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. "அண்ணா, இவ்வளவு மோர்பின் போட்டா கண்மணி சுருங்கிக் கிடக்கோணும். குளிசையை எங்க வைச்சிருக்கிறியள்?"

அவன் கட்டிலின் தலைமாட்டில் சுவரோடு சாத்தியிருந்த பொய்க்காலைக் கண்ணால் காட்டினான். மனைவி அதை எடுத்துக் கவிழ்த்தாள். மீதிக் கால் பொருந்தும் குழிக்குள்ளிருந்து ஒரு காலுறை விழுந்தது. அதற்குள் பொலித்தீன் பை, அதற்குள் குளிசைகள். மிஸி கட்டிலின் மேல் ஒரு துவாயை விரித்துப் பத்துப் பத்தாக ஒதுக்கி எண்ணினார். நூற்றிருபத்துநான்கு.

"உனக்கென்ன விசரோ?" மனைவி கத்தினாள். "பல்லைக் கடிச்சுக்கொண்டு கிடந்து எங்களைச் சாக்காட்டுறியோ? உன்ர பையை நான் அடுக்கி வைச்சிருக்கிறன், வாட்டுக்கு அனுப்ப!"

"ஐயோ அக்கா, கத்தாதை. நோ தாங்கக்கூடிய ஆள் நான். தாங்கேலாத ஆளுக்கு வேணும்."

"இதை எல்லாம் சேர்த்து ஒரு நாளில நீங்கள் போட்டிருந்தா" என்றார் மிஸி, "மூச்சு அடங்கியிருக்கும். டொக்டர் இண்டைக்கு இன்னும் கூட்டச் சொல்லியிருப்பார். அது தெரியுமோ?"

"தெரியும். நான் கூடப் போடமாட்டன். எனக்கு அளவு தெரியும்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவன் என்னைப் பார்த்தான். வாயின் ஓரத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அந்த மூன்று கிழமையில் நான் கண்ட முதற் சிரிப்பு. "ஆஸ்பத்திரிப் பாரத்தில கமம் எண்டெல்லோ கிடக்கு. அத்தானைக் கேளுங்கோ."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"என்ர அண்ணாவும் கமம்தான்" என்றார் மிஸி. "பாரத்தில."

பிறகு அவன் தானாகச் சொல்லத் தொடங்கினான். மருத்துவப் பிரிவில் இருந்தபோது, கடைசி மாதங்களில், நோ மருந்து எத்தனை இருக்கிறது, யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் வேலை பல நாட்களில் அவனுடையதாக இருந்தது. கதைக்கக்கூடியவன் காத்திருப்பான், கதைக்கமுடியாதவனுக்கு முதலில். காயப்பட்டவர்களே தங்கள் பங்கைப் பக்கத்தில் கிடப்பவனுக்குக் கொடுக்கச் சொல்வார்களாம். அவனுடைய கால் போன அன்றும் அவன் தனக்கு எடுக்கவில்லை. "கையில கிடக்கிறதை எல்லாம் போட்டு முடிக்கிறவனை நாங்கள் மதிக்கிறேல்லை, மிஸி. பின்னுக்கு வாறவனுக்கு என்ன செய்யிறது?"

"இஞ்ச ஆரடா பின்னுக்கு வரப்போறான்?" என்றேன் நான்.

"இருக்கிறான்."

முள்ளியவளையில் இருக்கிற, இயக்கத்தில் அவனோடு ஒன்றாக இருந்த ஒருவன். முதுகுத்தண்டில் எறிகணைத் துண்டு பட்டு இடுப்புக்குக் கீழே அசைவு இல்லாதவன். கரையோரத்துக் கத்தோலிக்கக் குடும்பம். தங்கையின் வீட்டில் இருக்கிறான். படுக்கைப் புண் எலும்பு தெரிகிற அளவுக்குப் போய்விட்டதாம். அவன் எந்த வைத்தியசாலையிலும் பெயர் பதியவில்லை. காய்ச்சலுக்குப் போடும் பனடோலைப் போட்டுக்கொண்டு கிடக்கிறான். அவனுக்கு அனுப்பத்தான் இந்த நூற்றிருபத்துநான்கும்.

மிஸி நெற்றியைத் தேய்த்தார். "அண்ணா, இதை அவருக்குக் குடுக்கேலாது. உங்களுக்கு எழுதின மருந்தை அவர் போட்டா ஆபத்து. நான் திருப்பி எடுத்துக்கொண்டுதான் போகோணும். ஆனா அங்கத்தை ஆஸ்பத்திரியிலயும் எங்களைப் போல ஒரு மிஸி இருக்கிறா. அவர் பேரைப் பதிஞ்சா, வீட்டுக்கே போய்ப் புண்ணுக்கு மருந்து கட்டுவா, நோவுக்கும் குடுப்பினம். நான் இப்ப கதைக்கிறன்."

"அவன் பதியமாட்டான்."

"அப்ப நீங்கள்?"

"அவனுக்குக் கிடைச்சாப் பிறகு போடுறன்."

மிஸி முற்றத்துக்குப் போய் முதலில் டொக்டரோடும், பிறகு அந்த மற்றத் தாதியோடும் தொலைபேசியில் கதைத்தார். திரும்பி வந்து புதிய குளிசைகளை எண்ணி மனைவியிடம் கொடுத்தார். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கவேண்டும். திங்கட்கிழமை வரை அவகாசம்; அதற்குள் அவன் ஒழுங்காகப் போடாவிட்டால் வாட்டு. என் கொப்பியைத் திருப்பித் தந்தார். "நோவை நீங்கள் சரியா எழுதியிருக்கிறியள், ஐயா" என்றார். மருந்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை, காலை ஐந்து ஐம்பதுக்கு நான் பஸ் ஏறினேன். பரந்தனில் இறங்கி முல்லைத்தீவு பஸ். நிற்கக்கூட இடமில்லை. புதுக்குடியிருப்பு வரை நின்றேன், இருக்கக் கிடைத்தபோது இருக்கப் பிடிக்கவில்லை. ஆறு மணிக் குளிசையை அவன் போட்டானா என்று மனைவிக்கு மூன்று தடவை அழைத்தேன். "வாயைப் பொத்திக்கொண்டு படுத்திருக்கிறான். நீங்கள் போற அலுவலைப் பாருங்கோ" என்றாள்.

முள்ளியவளையில் அந்த வீட்டை அடைந்தபோது ஒன்பது இருபத்தைந்து. தங்கை வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே போகச் சொன்னாள். அறையில் புண்ணின் மணம் இருந்தது. குப்புறப் படுத்திருந்த மனிதன் தலையை மட்டும் திருப்பினான். அகன்ற முகம், நரைத்த தாடி. என்னை அவனுக்கு முன்பே தெரியும்.

"அத்தானோ? அவன் செத்திட்டானோ?"

"இல்லை."

"அப்ப ஏன் இந்த முகம்? இருங்கோ. அந்தக் கதிரையில ஒரு கால் ஆடும், கவனம். எங்களைப் போலத்தான்."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். படிவம், குளிசை, பொய்க்கால், நூற்றிருபத்துநான்கு. சொல்லிக்கொண்டு போகப் போக அவன் முகத்திலிருந்த பகிடி போய்விட்டது.

"எனக்கெண்டோ சேர்த்தவன்?"

"உனக்கெண்டுதான்."

"நான் கேட்டனானோ? ஒருக்கா போனில கதைக்கேக்க நோகுது எண்டு சொன்னனான். அவ்வளவுதான்."

"பெயரைப் பதி. இண்டைக்கே அந்த மிஸி வருவா."

"அத்தான், அது சாகிற ஆக்களின்ர கிளினிக். நான் சாகேல்லையே. பதிஞ்சா, எப்பிடிக் காயம் எண்டு கேட்பினம். பேந்து சிவில் உடுப்போட ரண்டு பேர் வந்து தங்கச்சியைக் கேட்பினம், ஆர் வந்தது, ஆர் போனது எண்டு. இந்தப் பிள்ளை பட்டது காணும்."

"அது சாகிற ஆக்களுக்கு மட்டும் இல்லை. நோ உள்ள ஆக்களுக்கு. மற்றது, பாரத்தில விபத்து எண்டு எழுதலாம். நான் எழுதினனான்" என்றேன். சொன்ன பிறகு அந்தச் சொல்தான் எங்களை இங்கே கொண்டுவந்து விட்டது என்று உறைத்தது. "இல்லை" என்றேன். "எழுதுறதை எழுதுவம். ஆனா வாற மிஸிக்கு வாயால உண்மையைச் சொல்லு. சொல்லாததாலதான் அவன் மூண்டு கிழமை துடிச்சவன்."

வாசலில் மீன் வெட்டும் சத்தம் நின்றிருந்தது. அவன் தலையணைக்குக் கீழே கையை விட்டுத் தொலைபேசியை எடுத்தான். மூன்றாவது தடவை மணி அடித்தபோது என் மனைவி எடுத்தாள்.

"அக்கா, ஸ்பீக்கரில போடுங்கோ. டேய்! கேக்குதோ?"

"கேக்குது" என்ற குரல் மெலிந்து வந்தது.

"நீ என்ன பெரிய டொக்டரோ? என்ர கையில கட்டுப் போட்டு மூண்டாம் நாள் புழு வைச்ச டொக்டர்!"

"அது உன்ர ஊத்தை."

"ஏன்டா குளிசையை ஒளிச்சனி?"

"உனக்குப் புண் எலும்புக்குப் போட்டுது."

"உனக்குப் புற்றுநோய் எலும்புக்குப் போட்டுது. எனக்கு இடுப்புக்கு மேலதான் நோகும், கீழ ஒண்டும் தெரியாது. உனக்கு முழுக்கத் தெரியும். இப்ப ஆருக்கு முதல்? நீயே சொல்லு. அப்ப எண்டா ஆருக்குக் குடுப்பாய்?"

மறுபக்கத்தில் மூச்சு கேட்டது.

"சொல்லடா."

"எனக்கு."

"பின்னை? நான் பேர் பதியிறன். அத்தான் இஞ்ச கொப்பி பேனையோட நிக்கிறார், வேற என்னத்தோட நிக்கப்போறார். அந்த மிஸி இண்டைக்கு வருவாவாம். நீ இப்ப போடு. அக்கா, நேரம் என்ன?"

"பத்தாகுது" என்றாள் மனைவி.

"வாயில போடுங்கோ. தண்ணி குடுங்கோ. போட்டானோ? வாயைத் திறந்து பாருங்கோ. நாக்குக்குக் கீழயும் பாருங்கோ, உவன் பழைய கள்ளன்."

"ஒண்டுமில்லை. விழுங்கிட்டான்" என்றாள். அவள் அழுகிறாள் என்பது குரலில் தெரிந்தது.

நான் படிவம் நிரப்ப உதவிவிட்டு, அந்த ஊர்த் தாதி வரும்வரை முற்றத்தில் நடந்தேன். அவர் பதினொன்றரைக்கு வந்தார். அவன் அவரை உள்ளே கூப்பிட்டு, தங்கையையும் என்னையும் வெளியே போகச் சொன்னான். என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. முக்கால் மணித்தியாலம் கதைத்தார்கள்.

நான் வீடு வந்து சேர்ந்தது பின்னேரம் நான்கு பத்துக்கு. கேற்றைத் திறக்கும்போதே மனைவி விறாந்தையில் நின்று கையைக் காட்டி மறித்தாள். பின் வயலில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துத் துண்டை அன்றுதான் வெட்டினார்கள். நிலம் அதிர்ந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அவன் வாயைச் சற்றுத் திறந்தபடி நித்திரையில் இருந்தான். நெற்றிச் சுருக்கம் போயிருந்தது. அந்த முகத்தை அப்படி நான் கண்டு இருபது வருடத்துக்கு மேல் இருக்கும். நான் அசையாமல் நின்றேன். பிறகு நிற்கமுடியாமல் வெளியே போய், வாய்க்கால் வரை நடந்து, அங்கே என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பி வந்தேன். அவன் இன்னும் நித்திரையில் இருந்தான்.

அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் நானே சொன்னேன்: மூன்று கிழமை நான் எழுதிய மருந்துக் கணக்கு பிழை, அவன் என்ன வேலை செய்தவன் என்பதும் பிழை. அவர் கொப்பியை வாங்கவில்லை. "இனி யார் கொடுப்பது?" என்று மட்டும் கேட்டார். "மனைவி" என்றேன்.

அவன் வாட்டுக்குப் போகவில்லை. அடுத்த ஐந்து கிழமையில் குளிசை ஒன்றிலிருந்து மூன்றானது. கடைசி நாட்களில் விழுங்கமுடியாமல் போக, மிஸி தோலுக்குக் கீழே சிறிய ஊசி போட்டு வைத்தார். பங்குனியில் ஒரு சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, எங்கள் வீட்டில் இறந்தான். மனைவி பக்கத்தில் இருந்தாள். நானும் இருந்தேன், கதிரையில்.

முப்பத்தொன்றாம் நாள் கிரியை முடிந்த பிறகு, ஒரு புதன்கிழமை முள்ளியவளைக்குப் போனேன். நண்பனுடைய அறையில் மணம் குறைந்திருந்தது. தாதி கிழமைக்கு மூன்று தடவை வருகிறாராம். சிவில் உடுப்பில் ஒருவர் ஒரு தடவை வந்து தங்கையிடம் கேட்டுவிட்டுப் போனாராம். "வரட்டும்" என்றான். "வாறவன் புண்ணையும் பார்த்திட்டுப் போகட்டும்."

தங்கை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அவள் போகும்வரை பொறுத்திருந்து அவன் கேட்டான்:

"கடைசியில நொந்ததோ?"

"இல்லை."

"சும்மா சொல்லாதையுங்கோ, அத்தான். எனக்குச் சமாளிக்கிற கதை வேண்டாம்."

"நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தனான். முகம் சுழிக்கேல்லை. கடைசி மூண்டு நாளும்."

"அப்ப என்ன செய்துகொண்டு கிடந்தவன்?"

"நித்திரை."

"பகலிலயோ?"

"பகலிலயும்."

அவன் தாடியைத் தலையணையில் அழுத்திக்கொண்டான். "பதினாறு வருசம் ஒண்டா இருந்தனாங்கள்" என்றான். "அவன் பகலில படுத்து நான் ஒரு நாளும் காணேல்லை."